100 வெள்ளிக்கு எந்த ஃபில்டர்? ஆண்ட்ரோமெடாவுக்கு எதுவும் வேண்டாம்

சிங்கப்பூரின் தெம்பனீஸிலிருந்து தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் பார்க்க உங்கள் சிஎல்எஸ் (நகர வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) உதவவில்லை, 100 வெள்ளிக்கு வேறு எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். யுஎச்சி (வாயு நெபுலாவின் ஒளியை விட்டு மற்றதை வெட்டும் ஃபில்டர்) ஒன்று மட்டும் வாங்குங்கள், 1.25 அங்குல அளவில். ஆனால் நீங்கள் கேட்ட ஆண்ட்ரோமெடாவுக்காக அல்ல. நகர வெளிச்சத்தில் அதைத் தூக்கிக் காட்டும் ஃபில்டர் கிடையாது.

உங்கள் சிஎல்எஸ் பழுதாகியிருக்காது. அது பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை வெட்டுவதற்கானது. உங்கள் தெம்பனீஸ் புளோக்கைச் சுற்றி இப்போது வெள்ளை எல்இடி இருக்கும். அதன் ஒளி எல்லா நிறத்திலும் பரவும், ஆண்ட்ரோமெடாவின் ஒளியும் அப்படித்தான். ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். வாயு நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம், வேறு ரகம்: ஆக்சிஜன் 496, 501 நானோமீட்டரிலும் ஹைட்ரஜன் 486-லும் ஒளிரும். யுஎச்சி அந்த இடுக்கை மட்டும் திறந்துவிடுகிறது.

சந்தேகமா? பழைய சிடியைச் சாய்த்து அதில் தாழ்வார விளக்கைப் பாருங்கள். வானவில் இடைவெளி இல்லாமல் ஓடினால் எல்இடி. துண்டுதுண்டாக உடைந்தால் சோடியம் போன்ற வாயு விளக்கு.

ஃபில்டர் வந்ததும் திருகி மாட்டாதீர்கள். ஓரியன் நெபுலாவை 25 மிமீ ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) வைத்து, கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே ஃபில்டரை நுழைத்து எடுங்கள். என் 130 மிமீ நியூட்டோனியன் தொலைநோக்கியில் வானம் சட்டென்று கறுத்து, நெபுலாவின் சிறகு ஒன்று நீண்டது. ஏப்ரல் மாலையில் தெற்கே கரைனா நெபுலா. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதன் லாபம்.

10 மிமீ ஐபீஸில் போட்டால் எல்லாமே இருட்டிவிடும். நிலா ஃபில்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள், தாழ்வார விளக்கு வெளிச்சத்தில் நின்று பார்த்தாலே நிலாவின் கூச்சம் குறையும். இவற்றில் எதையும் வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது, பார்வை போய்விடும்.