1973இல் அரபு நாடுகள் அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு விதித்த எண்ணெய் ஏற்றுமதித் தடை வராதிருந்தால் எழுபதுகளின் ராக், டிஸ்கோ எப்படி மாறியிருக்கும்?

பாணியைவிட இசைத்தட்டுதான் அதிகம் மாறியிருக்கும் என்பது என் கணிப்பு. தட்டின் மூலப்பொருள் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்; அதற்கு வேண்டிய எத்திலீன் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. 1973 அக்டோபரில் சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய் எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பி.வி.சி. தட்டுப்பாடானதும் பழைய தட்டுகளை அரைத்து மறுபடி வார்த்தார்கள். நடுவிலுள்ள காகித லேபிளைச் சுத்தமாக வெட்டி எடுக்காவிட்டால் அதன் துணுக்குகள் கலவையில் சேர்ந்துவிடும். ஊசி அவற்றில் இடறும்போதெல்லாம் பொரிவது போன்ற சத்தம் கேட்கும். தடை இல்லாத உலகில் இந்த இரைச்சல் குறைந்திருக்கும். முக்கியமாக, விற்குமா என்று சந்தேகமான புதுக் குழுக்களுக்கும் அச்சிடத் தட்டு கிடைத்திருக்கும்.

ஆனால் டிஸ்கோவின் 12 அங்குல சிங்கிள் (ஒரு பாட்டுக்கான பெரிய தட்டு) இந்தத் தடையால் பிறந்ததல்ல, எனவே அது எப்படியும் வந்திருக்கும். 7 அங்குலத் தட்டில் மூன்று, நான்கு நிமிடம் தாண்டினால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டும். பேஸ் எனும் கீழ்ச்சுருதி ஒலிக்கு ஊசி அகலமாக அசைய வேண்டும்; இடமில்லாவிட்டால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட முடியும். நடன அரங்கில் அது எடுபடாது. பெரிய தட்டில் அந்த இடம் கிடைத்தது.

கற்பனை வரலாறு எழுதுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: ஒரு நிகழ்வை நீக்கியதும் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். பிரிட்டனில் 1974 ஜனவரி முதல் மார்ச் வரை நீடித்த மூன்று நாள் வேலை வாரத்துக்கு (மின்சாரத்தை மிச்சப்படுத்த நிறுவனங்கள் வாரம் மூன்று நாள் மட்டும் மின்சாரம் பயன்படுத்திய ஏற்பாடு) நிலக்கரித் தொழிலாளர் தகராறும் காரணம். எண்ணெயை மட்டும் சரிசெய்தால் அங்கே மின்வெட்டு முழுவதும் மறைந்துவிடாது.