மேடை கிடைக்காத ஞாயிறு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைக்காரன் நான். வேதாகமப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். போதகர்களுக்கு வகுப்பெடுக்கச் சென்ற மாதம் கொழும்புக்கு வந்திருந்தேன். இடையில் வந்த ஞாயிறு, வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தமிழ் ஆராதனைக்குப் போனேன். வாசலில் ஒருவர் என் பையைத் திறந்து கிளறினார். பைபிள், கண்ணாடிக்கூடு, மாத்திரைகள், அவ்வளவுதான் இருந்தது. ஆராதனையில் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார்கள், கைதட்டினார்கள், உட்காரச் சொன்னார்கள். எங்களூரில் வெளியூர் ஆசிரியர் வந்தால் ‘ரெண்டு வார்த்தை’ சொல்லவைக்காமல் விடமாட்டார்கள். ஆனால் மதியம், பையைக் கிளறிய அதே மனிதர் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். மீன் குழம்பு, பருப்பு, தண்ணியாக ஒரு சொதி. சாயங்காலம் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய் இறால் வடை வாங்கித் தந்தார். மதித்தார்களா, இல்லையா? எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு வாசகர்

*

ஸ்தோத்திரம் ஐயா,

பை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் இங்கே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்புப் பக்கம் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. சீயோனில் பையோடு வந்தவனை உள்ளே விடாமல் மறித்தவர் அங்கேயே இறந்துபோனார். ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலரும் போய்விட்டார்கள். அவர் மறிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே மனம் வராது. வாசலில் நிற்கிற வேலையை அதற்குப் பிறகு நாங்கள் சின்ன வேலையாக நினைப்பதில்லை. உங்கள் மாத்திரைகளைக் கிளறியவர் அநேகமாகச் சபையில் பொறுப்பான ஆளாகத்தான் இருப்பார்.

அப்புறம் பிரசங்கம். எந்தச் சபை என்று நீங்கள் எழுதவில்லை. மெதடிஸ்தக்காரர்கள் என்றால், எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் பிரசங்கம் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுவார்கள். அதில் போதகர்கள் மட்டுமல்ல, வங்கியில் வேலை செய்கிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சாதாரண ஆட்களும் இருப்பார்கள். அன்றைய முறைக்காரர் சனிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்து தயாரித்திருப்பார். நீங்கள் ஏறினால் அவர் இறங்க வேண்டும். தவிர, ‘ரெண்டு வார்த்தை’ என்றைக்கு ஐயா ரெண்டு வார்த்தையில் முடிந்திருக்கிறது?

இன்னொன்றையும் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? கடல் தாண்டி ஆசிரியர்கள் வந்து வந்து பழகிய ஊர் இது. சொந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். 1759இலேயே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலத்தில் கொழும்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகியிருக்கிறது. மூல கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தவர் பிலிப்பு தெ மெல்லோ, இந்த நாட்டுத் தமிழர். உங்கள் பக்கம் எல்லாரும் கொண்டாடுகிற ஜெர்மன் மிஷனரி பப்ரிசியசின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வந்தது 1772இல். நீங்கள் வகுப்பில் இதைச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் காலத்து ஆலயம் ஒன்று, 1757இல் திறந்தது, வுல்பெண்டாலில் இன்றும் நிற்கிறது. அடுத்த முறை வந்தால் புறக்கோட்டையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போய்ப் பாருங்கள். தரையில் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள், அதற்குமேல் வாங்குகள், நீங்கள் பெஞ்சு என்பீர்களே, அவை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் தண்ணிச் சொதியில் இருக்கிறது. உங்கள் திருநெல்வேலியில் சொதி என்றால் கலியாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து. காய்கறியெல்லாம் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியோடு. எங்களுக்குச் சொதி அன்றாடம். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள், பால் விட்டு ஒரு கொதி, கடைசியில் தேசிக்காய்ப் புளி, உங்கள் எலுமிச்சைதான். இடியப்பத்துக்கும் அதுதான், முதல்நாள் பாணுக்கும், அதாவது பேக்கரி ரொட்டிக்கும் அதுதான். மதிப்புக்குரிய விருந்தாளி வருகிறார் என்றால் கொழும்பு வீட்டில் சொதி வைக்கமாட்டார்கள் ஐயா. கடையில் புரியாணிக்குச் சொல்லிவிடுவார்கள், பெரிய கோழித் துண்டைத் தட்டில் தள்ளிவிட்டு, நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். அன்று உங்களோடு வீட்டுக்காரரும் உட்கார்ந்து சாப்பிட்டாரா, பரிமாறிக்கொண்டு நின்றாரா? உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வகுப்பு நடந்த நாளெல்லாம் நீங்கள் கரும்பலகைக்கு முன்னால் நின்றீர்கள். ஒரே ஒரு ஞாயிறு உங்களை வாங்கில் உட்காரவைத்துப் பாட்டுப் பாட விட்டார்கள். நானாக இருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஆலயத்தில் உங்கள் பெயரைச் சொன்னார்கள் என்று எழுதினீர்கள், சோறு போட்டவர் பெயரை எழுதவில்லை. கேட்டு வைத்தீர்களா? இல்லையென்றால் எந்த ஆலயம் என்று மட்டும் எழுதுங்கள், நான் விசாரித்து நம்பர் வாங்கி அனுப்புகிறேன். ஊர் வந்து சேர்ந்தேன் என்று அவருக்கு ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.