வெண்டன் மாகாணம் (இன்றைய லாட்வியாவில் போலந்து-லித்துவேனியா கூட்டரசு ஆண்ட பகுதி) முடிந்தது 1621-இலா, 1629-இலா, 1660-இலா? மூன்று நூல்கள் மூன்று ஆண்டு சொல்கின்றன, வரைபடத்தில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

நடைமுறைக்கு 1629, சட்டப்படி 1660. வரைபடத்துக்கு 1629 போடுங்கள். நீங்கள் பார்த்த மூன்று நூல்களும் மூன்று வேறு நிகழ்வுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, குழப்பம் அங்கேதான்.

1598-இல் போலந்து-லித்துவேனியா லிவோனியாவை (இன்றைய லாட்வியா, எஸ்டோனியா பக்கம்) திருத்தியமைத்தபோது வெண்டன், டோர்பாட், பெர்னாவ் என மூன்று மாகாணங்கள் வந்தன. 1600-லேயே சுவீடனுடன் போர் மூண்டுவிட்டது. நிம்மதியாக ஆள நேரமே கிடைக்கவில்லை, பாவம். 1621 என்பது ரிகா நகரம் சுவீடன் மன்னர் குஸ்டாவ் அடால்ஃப் கையில் விழுந்த ஆண்டு, மாகாணம் முடிந்த ஆண்டு அல்ல. 1629 ஆல்ட்மார்க் போர்நிறுத்தம் லிவோனியாவின் பெரும்பகுதியைச் சுவீடன் வசம் விட்டது. ஆனால் அது வெறும் போர்நிறுத்தம்தான். போலந்து உரிமையை எழுதிக் கொடுத்தது 1660 ஒலிவா உடன்படிக்கையில். அதுவரை ஆளுநர் பட்டம் காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் 1640-களின் ஆவணத்தில் ‘வெண்டன் ஆளுநர்’ என்று பார்த்தால், அவர் அங்கே ஆண்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் ஆவணம் எந்த ஊரைப் பற்றியது என்று பாருங்கள். செசிஸ் (அதுதான் பழைய வெண்டன்) பக்கம் என்றால் மேலே சொன்னது சரி. இன்றைய டௌகாவ்பில்ஸ், ரெசெக்னே, லுட்சா பக்கம் என்றால் பொருந்தாது; அந்தத் தென்கிழக்கு மூலை 1629-க்குப் பிறகும் போலந்திடமே இருந்தது, 1772 வரை.

நாள் தேதி ஒப்பிடும்போது மட்டும் கவனம்: போலந்து கிரெகோரியன் (புதிய) நாட்காட்டிக்கு மாறிவிட்டது, சுவீடன் அப்போது ஜூலியன் (பழையது). ஒரே நாளுக்கு இரண்டிலும் தேதி 10 நாள் இடிக்கும்.