பூஜ்ஜியம் மட்டும் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

தேவாங்குகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பேயீசியன் புள்ளியியல் (முன்பே இருக்கும் நம்பிக்கையைத் தரவால் திருத்திக்கொள்ளும் முறை) கற்றே ஆகவேண்டும் என்கிறார் நெறியாளர். எனக்குக் கணக்கு வராது. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? கணினியில் 'ஆர்' மொழி போதுமா, பைத்தானும் வேண்டுமா? அப்புறம், தரவு வரும் முன்பே 'ப்ரையர்' என்று ஓர் எண்ணை நாமே வைப்பது ஏமாற்று வேலை இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

ஆர் போதும். புத்தகத்தை நெறியாளரிடமே கேளுங்கள். கணக்கு வராது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ராத்திரியில் முள்ளுக்காட்டில் நடக்கிறவருக்குப் பெருக்கல் வராதா?

அந்த 'ஏமாற்று வேலை'க்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் பரணை ஒழித்தபோது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. ஆய்வாளர் நண்பரோடு அய்யலூர்ப் பக்கம் அலைந்த நாட்கள். கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல்தான் வந்தது; இது அதற்கு வெகு முன்பு. 'ஐந்து இரவு. தேவாங்கு இல்லை' என்று எழுதியிருக்கிறேன். நண்பர் 'இல்லை'யை அடித்து 'பார்க்கவில்லை' என்று திருத்தியிருக்கிறார்.

பக்கத்திலேயே அவர் போட்ட கணக்கு. தேவாங்கு இருந்தால் ஓர் இரவில் கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்று வையுங்கள். ஐந்து இரவும் தப்பிவிட 0.7-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 0.17. போகும் முன் பாதிக்குப் பாதி என்று நம்பியிருந்தால் (அதுதான் ப்ரையர்), 'இருந்தும் தப்பியது', 'இல்லவே இல்லை' இரண்டையும் எடைபோட்டதில், இப்போது அங்கே இருக்க வாய்ப்பு 14 சதவீதம். கூட வந்த ஆட்டுக்காரப் பெரியவர், "இந்தச் சரிவுல கட்டாயம் உண்டு" என்றார். அவரை நம்பி 80-இல் தொடங்கினால் 40 சதவீதம். அதே ஐந்து இரவுதான்.

ஏமாற்று என்று நானும் அன்று கத்தினேன். ஆனால் பாதிக்குப் பாதி என்பதும் ஓர் எண்தானே? உசிலங்காட்டுக்கும் கல்குவாரிக்கும் ஒரே விலை போட்டுவிட்டு நடுநிலை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். படித்தவர்களிடம் எனக்கு எரிச்சலே இதுதான்: நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது, எழுதிவைக்க மட்டும் கூச்சம். முடிவைப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றினால் அது ஏமாற்று. முன்கூட்டியே காரணத்தோடு எழுதி, வேறு எண் வைத்தால் விடை எவ்வளவு நகர்கிறது என்றும் காட்டினால் எதை ஒளிக்கிறீர்கள்?

பெரியவரைத் தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம். எதிர்ச் சரிவில் "ஒண்ணுகூடக் கிடையாது" என்றார். ஆறாம் இரவு அங்கேதான், கிளுவை வேலியில், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் வெளிச்சத்தில் செம்மஞ்சளாக இரண்டு புள்ளிகள். அசையவே இல்லை. பெரியவர் எட்டிப் பார்த்தார். "இது வழி தவறி வந்தது" என்றார்.

அவர் வைத்திருந்தது பூஜ்ஜியம், கே. அதை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். காடே இறங்கி வந்து நின்றாலும் நகராது. 0.01 வைத்திருந்தால்கூட அன்று அவர் மனம் மாறியிருக்கும்.

அடுத்த முறை காட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் எண்ணை நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவால்.