எஃப்.டி. முதிரும்வரை அப்பாவின் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறார். நாக்கு ஓரத்தில் ஆறாத புண் இருந்தது. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. கழுத்துக்கு இன்னும் பரவவில்லையாம். தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு 3 லட்சம் கேட்கிறார்கள். என் பெயரில் 7% வட்டியில் 3 லட்ச ரூபாய் எஃப்.டி. இருக்கிறது, முதிர மூன்று மாதம் பாக்கி. உடைத்தால் வட்டி போகும். அம்மாவும் "ஆடி கழியட்டும்" என்கிறார். என் சம்பளம் 28,000. காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எஃப்.டி.யை உடைக்கவே தேவையில்லை. அதன்மேல் கடன் கேளுங்கள். பொதுவாக 90% வரை, அதாவது 2,70,000 ரூபாய் தருவார்கள், வட்டி எஃப்.டி.யைவிட 1 முதல் 2% கூடுதல். 9% என்றே வைத்தாலும் மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய். எஃப்.டி.க்கு வர வேண்டிய வட்டி அப்படியே வரும். நீங்கள் மிச்சம்பிடிக்க நினைப்பது இந்த ஆறாயிரத்தைத்தான். மீதி முப்பதாயிரத்துக்கு உங்கள் பி.எஃப். கணக்கில் மருத்துவ முன்பணம் கேட்கலாம்.

அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கும்? பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2020-ல் வந்த ஆய்வு ஏழு வகைப் புற்றுநோய்களைப் பார்த்தது. தலை, கழுத்துப் புற்றுநோயும் அதில் அடக்கம். ஆபரேஷன் 4 வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8% கூடுகிறது என்றது. வாய்ப் புற்றுநோயில் கழுத்தில் நெறி கட்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். செலவும் ஏறும், இப்போது ஆபரேஷனோடு முடியக்கூடியது, அப்போது கதிர்வீச்சு, கீமோ என்று நீளும். அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். ஆடி அடுத்த வருடமும் வரும்.

உங்கள் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோர் பெயர் இருக்கிறதா என்று இன்றே எச்.ஆரிடம் கேளுங்கள். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. புதிதாகத் தனி பாலிசி எடுத்து நோயை மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கிளெய்ம் நிராகரிக்கப்படும், கட்டிய பிரீமியமும் போகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். உங்கள் சம்பளம் அதைத் தாண்டுகிறது. ஆனாலும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் அடையாறு புற்றுநோய் மையத்திலும் விசாரியுங்கள். கட்டணத்தோடு, ஆபரேஷனுக்கு எந்தத் தேதி கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். விலை குறைவு என்று இரண்டு மாத வரிசையில் நிற்க வேண்டாம்.

பல குடும்பங்கள் சறுக்குவது ஆபரேஷனுக்குப் பிறகுதான். கையிருப்பு கரைந்திருக்கும். கதிர்வீச்சு தேவைப்பட்டால் ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வீதம் சுமார் ஆறு வாரம் போய்வர வேண்டும். அந்த நாட்களில் ஆட்டோ வருமானமும் இருக்காது. சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கி, புண் ஆற விட வேண்டும். அதைக் கடைசியில் கண்டுபிடித்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கதிர்வீச்சுக்கும் சேர்த்து இப்போதே எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். வீட்டில் நகை இருந்தால் அதை இப்போது தொடாமல் அந்தக் கட்டத்துக்கு வையுங்கள். நகைக்கடன் அன்றைக்கே கைக்கு வரும்.

வருமான வரியில் பழைய முறையில் இருந்தால், சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு கிடைக்கலாம். புற்றுநோய் மருத்துவரின் சீட்டையும் பில்களையும் பத்திரமாக வையுங்கள். அதற்கு மார்ச் வரை நேரம் இருக்கிறது. வங்கிக்கு நாளைக் காலையே போய்விடுங்கள்.