பிகாஸ், சின்ஸ், ஆஸ்: மூன்றும் ஒன்றா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'பிகாஸ்' (because), 'சின்ஸ்' (since), 'ஆஸ்' (as) மூன்றுமே காரணம் சொல்லும் சொற்கள்தானே, எதை வேண்டுமானாலும் போடலாமா?

பதில்: எல்லா இடத்திலும் முடியாது. 'வொய்?' என்று ஒருவர் நேராகக் கேட்டால் பதில் 'பிகாஸ்' என்றுதான் தொடங்கும், அங்கே 'சின்ஸ்' போட்டால் காதில் உறுத்தும். கேட்பவருக்குக் காரணம் புதிது, வாக்கியத்தின் உயிரே அதுதான் எனும்போது வருவது பிகாஸ். அதனால்தான் 'ஒன்லி பிகாஸ்' என்று அழுத்திச் சொல்ல முடிகிறது. காரணப் பொருளில் 'ஒன்லி சின்ஸ்' கிடையாது.

காரணம் இருவருக்கும் ஏற்கெனவே தெரியும், அடுத்துச் சொல்வதுதான் முக்கியம் என்றால் சின்ஸ். 'சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட்ஸ் ஸ்டார்ட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? 'நீங்கள்தான் வந்துவிட்டீர்களே, தொடங்கிவிடலாம்.' அந்த 'தான்...ஏ' செய்கிற வேலையைத்தான் சின்ஸ் செய்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

ஆஸ் கிட்டத்தட்ட சின்ஸ் மாதிரிதான், ஆனால் கொஞ்சம் ஆபத்தானது. 'ஆஸ் ஷீ வாஸ் லீவிங், ஐ லாக்ட் த டோர்.' அவள் கிளம்பியதால் பூட்டினேனா, கிளம்பும்போது பூட்டினேனா? சின்ஸுக்கும் 'அப்போதிலிருந்து' என்ற இன்னொரு பொருள் உண்டு. இப்படிக் குழப்பம் வரும் இடத்தில் யோசிக்காமல் பிகாஸ் போட்டுவிடுங்கள்.