தாய்ப்பால் நீண்ட நாள் கொடுத்தால் குழந்தைக்கு உடல் பருமன் வராதா?

ஒன்றரை வயது மகனுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுப்பதாகவும், அதனால் அவன் பின்னாளில் குண்டாக மாட்டான் என்று சொல்வது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் உண்மை. கோத்தகிரி பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005 ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று, ஒன்பது மாதம் வரை, கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பருமன் வாய்ப்பு சுமார் 4% குறைவதாகச் சொன்னது. ஆனால் பெலாரஸில் 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தாய்ப்பாலை ஊக்குவித்த மருத்துவமனைகளில் பிறந்தவர்கள் கூடுதல் காலம் குடித்தார்கள். ஆறரை வயதில் இவர்களுக்கும் மற்ற மருத்துவமனைகளில் பிறந்தவர்களுக்கும் எடையில் வித்தியாசமே இல்லை! ஆக, நீண்ட நாள் கொடுக்கும் வீடுகளின் மற்ற பழக்கங்களுக்கும் இதில் பங்கு இருக்கும்போல.

மார்பில் குடிக்கும் பிள்ளை வயிறு நிறைந்தால் தானே வாயை எடுத்துவிடும். பாட்டில் என்றால் கடைசிச் சொட்டு வரை ஊட்டாமல் நமக்கு மனசு ஆறாது. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் கொடுத்தாலும் இதே கதைதான்.

எங்கள் மலையில் நான் பயப்படுவது அதற்கு அடுத்த கட்டத்துக்கு. சர்க்கரை போட்ட டீயில் வர்க்கியை, அதாவது எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டை, நனைத்து, சொதசொதவென்று ஆனதும் பத்து மாதப் பிள்ளை வாயில் வைப்பார்கள். கேட்டால், "குளிர் ஊரும்மா, உடம்புல சதை இருந்தாத்தான் தாங்கும்." வர்க்கி மைதாவும் வனஸ்பதியும்தான். டீ போதாக்குறைக்கு இரும்புச்சத்து சேர்வதையும் தடுக்கும். தேயிலை பறிக்கப் போகும் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு என்று சட்டம் சொல்கிறது, தோட்டத்தில் வீட்டிலிருந்து தூரமான பகுதியில் நிற்பவளுக்கு அது எப்படி உதவும்?

சரி, உங்கள் விஷயம். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது, தாராளமாகக் கொடுங்கள். கூடவே ராகிக் களி, பருப்பு சாதம், முட்டை, கேரட் என்று வீட்டுச் சாப்பாடும் ஓடட்டும். எடையை மட்டும் பார்த்துக் குண்டா ஒல்லியா என்று முடிவு செய்யாதீர்கள், உயரத்துக்கேற்ற எடைதான் கணக்கு. பக்கத்து அங்கன்வாடியில் இரண்டையும் அளப்பார்கள். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் கழற்றிவிட்டு எடை பாருங்கள். ஊட்டிக் குளிரில் பிள்ளை போடும் கூச்சலுக்கு நான் பொறுப்பல்ல.